பள்ளிக்கூடத் தெருவில் ஒரு வாசல்

கருத்துக் கேட்புக் கூட்டத்தில், புதிய வணிக வளாகத்தின் வரைபடத்தைத் திரையில் காட்டி முடித்தார் போக்குவரத்துப் பொறியாளர். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

“லாரி வர்ற வாசலைப் பள்ளிக்கூடத் தெருவில வச்சிருக்கீங்களே, பிள்ளைங்க எப்படி நடந்து போகும்?”

“வாட்ச்மேன் போடுவோம்மா.”

“வாட்ச்மேன் லீவு போட்டா?”

அரங்கம் சிரித்தது. பொறியாளரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வளாக முதலாளி பல்லைக் கடித்தார். “யாருய்யா இது? எதையாவது சொல்லி உட்கார வை.”

“இவங்க உட்கார மாட்டாங்க சார்,” என்று முணுமுணுத்தார் பொறியாளர்.

“உங்க பிள்ளையை அந்தத் தெருவில தனியா அனுப்புவீங்களா? அதை மட்டும் சொல்லுங்க.”

வேலை போனால் போகட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டார். “அனுப்ப மாட்டேன்மா. வாசல் மெயின் ரோட்டுப் பக்கம்தான் இருக்கணும். முதலாளிகிட்டயும் சொல்லியிருக்கேன்.”

கைதட்டல் அடங்க நேரமானது. ஊரே பார்க்கும்போது முதலாளிக்கு வேறு வழியில்லை. மைக்கை வாங்கி, “அப்படியே மாத்திடுவோம்,” என்றார். வெளியே வரும்போது, “புது வரைபடம் திங்கட்கிழமை வேணும்,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். வேலை தப்பியது.

பொறியாளர் வீட்டுக்கு வந்து நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் அவர் முன் நீண்டது.

“ஏன்டி, இத்தனை பேர் நடுவுலயா என்னை நிக்க வச்சுக் கேப்பே?”

“வீட்டுல கேட்டா, முதலாளி ஒத்துக்க மாட்டார்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறீங்க,” என்றாள் முன்வரிசையில் எழுந்து நின்ற அவர் மனைவி. “அதான், அவர் முன்னாடியே கேட்டுட்டேன்.”