முதல் பக்கத்து வீடு

“அந்த லயத்த மொதல்ல இடிச்சுத் தள்ளு!” என்றார் ரஜீவ்.

நிரஞ்சலா உடனே வேலையில் இறங்கினாள். பன்னிரண்டு குடும்பங்கள் குடியிருந்த தகரக்கூரை வரிசை ஒரே சொடுக்கில் காணாமல் போனது. அந்த இடத்தில் பச்சைப்பசேலென்று தேயிலை முளைத்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கம்ப்யூட்டர் திரையில் அதுதான் வசதி.

“இப்பதான் தோட்டத்து வெப்சைட் மாதிரி இருக்கு” என்று நாற்காலியில் சாய்ந்தார் ரஜீவ். கொழும்பிலிருந்து வந்த புது மேனேஜர். நிரஞ்சலா வெப்சைட்டைத் திருத்தித் தரப் பதுளை டவுனிலிருந்து வந்தவள்.

தொழிலாளிக்கு நல்ல வீடு கொடுக்கும் தோட்டத்தில்தான் தேயிலை வாங்குவேன் என்று ஜெர்மன்காரர் ஒருவர் ஒற்றைக்காலில் நின்றார். அவர் முதலில் பார்ப்பதோ முகப்புப் பக்கத்தை. வீட்டைக் கட்டுவதைவிட முகப்பைக் கட்டுவது சுலபம் என்பது ரஜீவின் கண்டுபிடிப்பு.

நிஜ லயம் மலைச்சரிவில் சுவர் பிளந்து நின்றது. மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடியதிலிருந்து, மழை இருட்டினால் அங்கே யாரும் கண்மூடுவதில்லை. ‘அடுத்த வருஷம் புது வீடு’ என்று கம்பெனி வருஷம் தவறாமல் சொல்லிவந்தது. சொன்ன சொல் மாறாத கம்பெனி.

“புது வீட்டுப் படத்துக்கு எங்க சார் போறது?”

“எல்ல டவுனுக்குப் போற ரோட்டுல டூரிஸ்ட்டுக்குன்னு கட்டின காட்டேஜ் சும்மாதானே கெடக்கு? லயத்துலருந்து ஒரு குடும்பத்தக் கூட்டிட்டு வந்து வாசல்ல நிறுத்து. ஒரு படம். முடிஞ்சுது வேல.”

“வெறும் படத்த இந்தக் காலத்துல யாரு சார் நம்புறா? பால் காய்ச்சிக் குடிபோற மாதிரி வீடியோ எடுப்போம். வாசல்லயே ஒரு கேமராவ மாட்டிட்டா, முகப்புப் பக்கத்துல ராப்பகலா நேரலை ஓடும்.”

“மலையும் மேகமும் தெரியும்ல? மாட்டு, மாட்டு!”

மறுநாள் நிரஞ்சலா சொல்லியனுப்ப, கொழுந்தெடுக்கும் கருப்பம்மா வந்தாள். பின்னாலேயே புருஷன் மாடசாமி. கூடவே சாமிப்படம், பானை, படுக்கைச் சுருட்டு, கால் கட்டிய ஒரு கோழி.

“வேஷம்னாலும் எவ்வளவு பொருத்தமா கட்டுதுக பாரு!” என்று ரஜீவ் வியந்தார்.

‘சிரி, சிரி’ என்று அவர் தொண்டை கிழியக் கத்தியும் கருப்பம்மாவின் முகம் இறுகியே இருந்தது. நிரஞ்சலா கேமராவைத் தூக்கியதுதான் தாமதம், பெத்த பிள்ளை பரீட்சை பாசான மாதிரி அப்படியொரு சிரிப்பு!

“சாவிய நெசமாவே கையில குடுங்க சார். அப்பதான் படத்துல எடுப்பா இருக்கும்.”

கொடுத்தார். பால் கிழக்கே பார்த்துப் பொங்கி வழிந்தது.

சாயங்காலமே ஜெர்மன்காரரிடமிருந்து மின்னஞ்சல். ஆர்டர் உறுதி. ‘இனித் தினமும் காலையில் அந்தக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டேதான் தேநீர் குடிப்பேன்.’ துள்ளிக்குதித்த ரஜீவ், நிரஞ்சலாவையும் இழுத்துக்கொண்டு காட்டேஜுக்கு ஓடினார்.

“சரிம்மா, சூட்டிங் முடிஞ்சுது. சாவியக் குடுத்துட்டுக் கெளம்பு.”

கருப்பம்மா விளக்குக்குத் திரி போட்டபடியே சொன்னாள்: “பால் பொங்குன வீட்ட அன்னிக்கே பூட்டிட்டுப் போனா குடும்பம் வெளங்குமாங்க தொர? நாங்க குடிவந்துட்டோமுங்க.”

“ஏய்! அது நடிப்பு!”

“பாலு நெசந்தானுங்களே தொர.”

கையை ஓங்கிக்கொண்டு படியேறினார் ரஜீவ். வாசல் நிலைக்கு மேலே கேமராவின் சிவப்புப் புள்ளி மினுங்கியது. ஓங்கிய கை பாதியிலேயே கும்பிடாக மாறியது. முகத்தில் முப்பத்திரண்டு பல்லும் தெரிந்தது.

“அந்தச் சனியன நிறுத்தித் தொல!” என்று சிரிப்பு கலையாமல் பல்லிடுக்கில் சீறினார்.

“நிறுத்துனா ஆர்டரும் நின்னுடுமே சார்” என்றாள் நிரஞ்சலா. செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, அவரைத் தாண்டி உள்ளே நடந்தாள்.

“அம்மா, அப்பாவுக்கும் எனக்கும் சேத்து சோறு வடி!”