பாறை விழும், ஜாக்கிரதை

போர்டை இரண்டாவது முறையாகப் படித்தார் முசியே வலாத்.

'பாறை விழும், ஜாக்கிரதை.'

"இதை யார் மதாம் வெச்சது?"

"மேயர் ஆபீஸ்ல," என்றேன். என் கார் ஷெட்டில், ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்டில் நானே எழுதியது என்று சொல்லவில்லை.

அவர் பழைய கட்டடங்களைச் சோதிக்கும் அதிகாரி. நகரத்திலிருந்து வந்திருக்கிறார். நான் இந்தப் பள்ளத்தாக்கின் வழிகாட்டி. எங்கள் எதிரே, ஆற்றுக்கு மேல் செங்குத்தாக நிற்கும் பாறையில் ஒட்டிக்கொண்டு, எண்ணூறு வயதுத் தேவாலயம்.

எந்தப் புனிதருக்குக் கட்டினார்களோ, யாருக்கும் தெரியாது. சிலைக்குத் தலை இல்லை. சுற்றுலாக்காரர்களைக் கீழே ஆற்றங்கரையிலேயே நிறுத்தி, புனிதருக்கு வாரம் ஒரு பெயர் வைத்து, கதையில் வாரம் ஒரு விதமாக அவரைச் சாகடிப்பேன்.

எட்டு வருடம் முன்பு, போன முறை சோதனைக்கு வந்தவர் 'அபாயம்' என்று எழுதிவிட்டுப் போனார். நான் பல்வலியில் படுத்திருந்த நேரம். அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இன்று இவர் 'அபாயமில்லை' என்று எழுதினால் தீர்ந்தது கதை. கோடைக்குள் மேயர் படிக்கட்டு போடுவார், கைப்பிடி போடுவார், ஐஸ்கிரீம் கடை வைப்பார்.

தாராளமாக வைக்கட்டும். ஆனால், தேவாலயத்தின் பின்சுவரை ஒட்டி ஆறு ஓக் மரங்கள் இருக்கின்றன.

அக்டோபர் மழை நின்ற நாலாம் நாள், அவற்றின் அடியில் செப் காளான் முளைக்கும். ஒவ்வொன்றும் குழந்தைத் தொடை கனம்.

எங்கள் ஊர்க்காரர்கள் கார் சாவியைக் கொடுப்பார்கள், வீட்டுச் சாவியைக் கொடுப்பார்கள். காளான் முளைக்கும் இடத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார்கள். அப்பா சாகிற அன்று, பாவங்களைப் பாதிரியாரிடம் சொன்னார். இடத்தை என்னிடம் சொன்னார். அதுவும் தம்பி ரெஜிஸ் டாக்டரைக் கூப்பிட ஓடிய இடைவெளியில்.

ஆனாலும் எட்டு வருடமாக யாரோ எனக்கு முன்னால் வந்து அறுத்துக்கொண்டு போகிறான். பாதியைத்தான். மிச்சமிருக்கும் தண்டைப் பார்த்தால் தெரியும்: சுத்தமான, சாய்ந்த வெட்டு. இடக்கை வெட்டு.

ஊரில் இடக்கைக்காரன் ஒருவன்தான். ரெஜிஸ்.

முதல் வெட்டைப் பார்த்த அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன். அவன் மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. என்ன கோபம் என்று ஆள் விட்டுக் கேட்டான். திருடனுக்குத் தெரியாதா என்ன?

இன்று நாலாம் நாள். நேற்று மாலை எண்ணியபோது ஏழு. இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும் என்று விட்டுவைத்தேன். புத்திகெட்ட வேலை.

"பின்சுவரைப் பாக்கணும்," என்றார் வலாத்.

"விரியன் பாம்பு இருக்கு முசியே."

"இந்தக் குளிர்லயா?"

"எங்க ஊர்ப் பாம்புக்குக் குளிரெல்லாம் உறைக்காது. போன வருஷம் ஒரு பாரிஸ்காரரைக் கொத்திடுச்சு."

"ஐயோ, செத்துட்டாரா?"

"இல்ல, பொழச்சு ஊருக்குப் போய் எங்களுக்கு ஒரே ஒரு ஸ்டார் குடுத்தார்."

சிரித்தார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். "நீங்க இங்கயே நில்லுங்க மதாம். ஹெல்மெட் இல்லாதவங்க வரக் கூடாது."

போய்விட்டார்.

ஒரு சுவரைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு நிமிடம். பத்து நிமிடம் ஆயிற்று. கீழே ஆற்றில் ஒரு நாரை மீனைப் பிடித்து, விழுங்கி, அடுத்ததற்கும் தயாராகிவிட்டது.

தலையில்லாப் புனிதரை வேண்டிக்கொண்டேன். காது இல்லாதவர். இருந்தாலும் வேண்டிக்கொண்டேன்.

வலாத் திரும்பி வந்தார். முகம் இறுகிக் கிடந்தது.

"நீங்க சொன்னது சரிதான். பின்பக்கம் படு மோசம். ஆள் நடமாட்டமே கூடாது."

"அடடா!" குரலில் துக்கத்தை வரவழைக்க நான் பட்ட பாடு!

"பதினஞ்சு வருஷத்துக்கு மூடச் சொல்லி எழுதறேன். போதுமா?"

போதுமா?

எந்த அதிகாரி இப்படிக் கேட்பார்?

அவர் சட்டைக் கையில் மண். பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்துத் திருப்பி, பிடியின் முனையால் தட்டிவிட்டார். பிடியின் முனையில், காட்டுப்பன்றி முடியில் செய்த சின்ன பிரஷ்.

அது சுவரைச் சோதிக்கிற கத்தி இல்லை. இந்தப் பள்ளத்தாக்கில் ஐந்து வயதுக் குழந்தைக்கும் அது எதை அறுக்கிற கத்தி என்று தெரியும்.

ஏறி வரும்போது ஒட்டிக் கிடந்த தோள்பை இப்போது புடைத்திருந்தது.

என் போர்டின் மேலேயே காகிதத்தை வைத்தார். பேனாவைத் திறந்தார்.

இடக்கையால் எழுத ஆரம்பித்தார்.

கூச்சல் போட்டிருக்கலாம். சட்டையைப் பிடித்திருக்கலாம். ஆனால் கையெழுத்து இன்னும் பாக்கி. அவர் எழுத வசதியாக போர்டை ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.

"நாலு எடுத்துக்கிட்டேன், மூணு விட்டிருக்கேன்," என்றார், காகிதத்தை நீட்டி. "எட்டு வருஷமா இதே பங்குதானே மதாம்?"

அவர் இறங்கிப் போனதும் முதல் வேலையாக போனை எடுத்தேன். எட்டு வருடம். ஒரு கல்யாணம். மன்னிப்புக் கேட்டே ஆகவேண்டும்.

முதல் மணியிலேயே எடுத்தான் ரெஜிஸ்.

"அக்கா? நீதானா? நான் அப்படி என்னதான்க்கா பண்ணேன்? இப்பவாவது சொல்லேன்!"

தேவாலயக் கூரைக்கு மேலே ஓக் மரங்களின் உச்சி அசைந்தது. காரணத்தைச் சொன்னால் இடத்தையும் சொல்லியாக வேண்டும்.

"ராங் நம்பர்," என்று வைத்துவிட்டேன்.