யார் பேரு முதல்ல?

கிட்ட வந்து உட்காருங்க. பெரிய மனுஷங்க சண்டையைச் சத்தம் போட்டுச் சொல்லக்கூடாது.

உலகம் பூரா கிளை வைத்த மூன்று சங்கங்கள். ஒன்று மண்ணைப் படித்த இன்ஜினீயர்களுடையது. இன்னொன்று பாறையைப் படித்தவர்களுடையது. மூன்றாவது நிலவியல்காரர்களுடையது. ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான், ஆனால் பங்காளிகள். ஒருத்தர் வாசலை ஒருத்தர் மிதிக்க மாட்டார்கள். இந்த மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டி மேய்க்க ஒரு பொதுச் செயலாளர். நம்ம ஆள் அவர்தான்.

அன்று காலை மூன்று தலைவர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். ஊருக்கு மேலே ஒரு மலைச்சரிவு மழையில் விரிசல் விட்டிருந்தது. கீழே இருந்த நாற்பது வீட்டு ஜனங்களையும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள்.

"மூணு சங்கமும் சேர்ந்து 'பயமில்லை'ன்னு ஒரு காகிதம் கொடுங்க. அடுத்த நிமிஷம் ஜனங்களை வீட்டுக்கு அனுப்பிடறேன்" என்று அதிகாரி சொல்லியிருந்தார்.

அதில் ஒரு வீடு செயலாளரின் தங்கச்சி வீடு. கைக்குழந்தையோடு நாலு நாளாகப் பள்ளிக்கூடத் தரையில் கிடக்கிறாள்.

சரிவோ ரெண்டுங்கெட்டான். மண் என்று பார்த்தால் கடப்பாறை இறங்காது. பாறை என்று பார்த்தால் கையில் உதிரும்.

"மண்ணுக்கு உண்டான சோதனையில தேறிடுச்சு" என்றார் மண் தலைவர்.

"பாறைக்கு உண்டான சோதனையிலயும் தேறிடுச்சு" என்றார் பாறைத் தலைவர்.

நிலவியல் சங்கத் தலைவி மட்டும் இழுத்தார். "எனக்கென்னவோ சரியாப் படலை. இன்னும் ரெண்டு நாள் பார்ப்போமே."

"சரியாப் படலைங்கிறதை எந்த மெஷின்ல அளந்தீங்க அம்மா?"

சிரிப்பு. கை தூக்கச் சொன்னார்கள். ரெண்டுக்கு ஒன்று. அந்தம்மா தோற்றார். அதோடு முடிந்திருக்க வேண்டும்.

"சரி, காகிதத்துல யார் பேரு முதல்ல?" என்று கேட்டார் அந்தம்மா.

செயலாளர் திறந்த பேனாவை மூடி வைத்தார். சங்கங்கள் சேர்ந்த அன்றைக்கே எழுதிய விதி அது. கருத்துக்கு ரெண்டு பேர் ஒத்துப்போனால் போதும். பேர் வரிசைக்கு மூன்று பேரும் ஒத்துப்போக வேண்டும். அது தீராமல் ஒரு காகிதமும் வெளியே போகக் கூடாது.

"எங்க சங்கம்தான் மூத்தது" என்றார் மண் தலைவர்.

"வயசுக்கு மரியாதைன்னா பூமியைப் படிச்ச நாங்கதான் மூத்தவங்க" என்றார் அந்தம்மா.

"ஆள் பலத்துல நாங்க!" பாறைத் தலைவர் மேஜையைத் தட்டினார்.

"சந்தா கட்டாதவங்களையும் சேர்த்துத்தானே?" என்றார் அந்தம்மா.

போச்சு. தேன்கூட்டில் கல் விழுந்தாச்சு.

அகர வரிசை என்றார் செயலாளர். எந்த மொழி அகரம் என்று கேட்டார் அந்தம்மா. சீட்டுப் போடலாம் என்றார். சூதாட வரவில்லை என்றார் அந்தம்மா. மூன்று பேரையும் வட்டமாக எழுதலாமா? வட்டத்துக்கு மேல்பக்கம் யார் என்று கேட்டார்.

மதியமும் தாண்டியது. தங்கச்சி போன்.

"அண்ணா, கையெழுத்து ஆச்சா? குழந்தைக்கு உடம்பு கொதிக்குது. வீட்டுக்குப் போய் ஒரு வெந்நீர் வைக்க வழியில்லை."

"ஒரு அம்மாவுக்குத் தன் பேரு முதல்ல வரணுமாம்."

"அவங்க பேரை என் வீட்டு வாசல்லயே பெருசா எழுதி வெக்கறேன்னு சொல்லு!"

இரண்டரை மணிக்கு ரெண்டு தலைவர்களும் அலுத்துப்போனார்கள்.

"தாயே, உங்க பேரே முதல்ல வரட்டும். ஆளை விடுங்க."

செயலாளருக்கு உயிர் வந்தது. பேனாவை நீட்டினார்.

அந்தம்மா வாங்கவில்லை. "முதல்ல வந்தா ஆச்சா? எங்க எழுத்து மத்தவங்க எழுத்தைவிடப் பெருசா இருக்கணும்."

"மனுஷிதானா நீங்க?" செயலாளர் கத்தியேவிட்டார். "அங்க பச்சைக்குழந்தைங்க தரையில கிடக்குது. உங்களுக்குக் கொட்டை எழுத்து கேக்குதா?"

அந்தம்மா ஜன்னலைப் பார்த்தார். தண்ணீர் குடித்தார். டம்ளர் பல்லில் பட்டு டகடகவென்று ஆடியது.

மறுபடியும் போன். தங்கச்சியின் குரல் குரலாகவே இல்லை.

"அண்ணா... மலை வந்துடுச்சுண்ணா. தெருவே இல்ல. நம்ம வீடு, பக்கத்து வீடு, ஒண்ணுமே இல்ல. எல்லாரும் இங்க பள்ளிக்கூடத்துல இருக்கோம்ணா, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. அந்தக் காகிதம் காலையில வந்திருந்தா, இந்நேரம் குழந்தையைத் தொட்டில்ல போட்டுத் தூங்க வெச்சிருப்பேன்..."

விஷயம் கேட்ட ரெண்டு தலைவர்களும் முகத்தில் ஈயாடாமல், ஆளுக்கொரு போனோடு வெளியே ஓடினார்கள்.

செயலாளர் கூட்டக் குறிப்பு நோட்டைத் திறந்தார்.

"அம்மா... இதை நான் எப்படி எழுத?"

"நடந்ததை நடந்தபடி எழுதுங்க. பேராசை பிடிச்ச ஒருத்தி, தன் பேரு முதல்ல வரணும்னு அடம்பிடிச்சு நாள் பூரா கூட்டத்தைக் கெடுத்தான்னு."

"எனக்கு மனசு வரலைம்மா."

"வரவழைச்சுக்கோங்க. காலையில மனசுல பட்டதைச் சொன்னேன், ரெண்டு நிமிஷத்துல தோத்தேன். கௌரவத்தைச் சீண்டினேன், சாப்பாடுகூட இல்லாம நின்னாங்க. வேணும்னு செஞ்சேன்னு தெரிஞ்சா, அடுத்த மலைக்கு இது பலிக்காது."

செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார்.

அந்தம்மா நோட்டை வாங்கிப் படித்தார். 'அடம்பிடித்து' என்ற வார்த்தைக்கு முன்னால் 'வெட்கமில்லாமல்' என்று தன் கையாலேயே சேர்த்துவிட்டு, அடியில் கையெழுத்துப் போட்டார்.