பந்து வந்த பக்கம்

மெயில் வந்துவிட்டது.

பள்ளி மைதானத்துக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் போனைச் சாய்த்து வைத்து, அவர் அதை மூன்றாம் முறை படித்தார்.

செப்டம்பர் ஒன்று. பதினோராம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்கு, தங்கள் அணியில் சேர்ப்பது பற்றி, அமெரிக்கக் கல்லூரி லக்ராஸ் பயிற்சியாளர்கள் நேரடியாக எழுதலாம் என்று விதி அனுமதிக்கும் முதல் நாள். இந்த ஒரு நாளுக்காக இரண்டு வருடம் சனி ஞாயிறு பார்க்காமல் மகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் கார் ஓட்டியிருக்கிறார்.

ஒவ்வொரு ஊரிலும் அதே புல், அதே வெயில், அதே மடக்கு நாற்காலி. வெள்ளைப் பந்தலுக்குக் கீழே பயிற்சியாளர்கள் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார்கள். பெயரைப் பார்க்க மாட்டார்கள். சட்டை எண்ணைத்தான் குறித்துக்கொள்வார்கள். படிப்பு போதாதா என்று கேட்டுவிட்டு மனைவி முதல் மாதமே கழன்றுகொண்டாள். அவர் மாட்டிக்கொண்டார்.

முதலில் அவருக்கு இது என்ன விளையாட்டு என்றே புரியவில்லை. மாங்காய் பறிக்கிற வலைக்கம்பைத் தூக்கிக்கொண்டு ஆளாளுக்கு ஓடுகிறார்கள் என்றுதான் நினைத்தார். இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விதிகளைச் சொல்வார்.

மகளும் அவரும் சேர்ந்து பார்க்கும் முகவரிக்கு வந்த மெயில். அன்புள்ள சம்யுக்தா என்று தொடங்கியிருந்தார் பயிற்சியாளர். நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தோம், நன்றி. கோல் போடும் இடத்துக்கு உன் வருடத்தில் எங்களுக்கு ஆள் தேவைப்படவில்லை, மன்னிக்கவும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

உனக்குப் பந்து கொடுக்கிறாளே, பதினான்காம் எண், அவள் யார்? அவளுக்கு வீடியோ இருக்கிறதா?

பதினான்காம் எண் மாரிசோல். சம்யுவின் தோழி. அவளுடைய அம்மாவுக்கு வார இறுதி முழுக்க மருத்துவமனையில் வேலை. அதனால் எல்லா ஊருக்கும் இந்தக் காரின் பின் சீட்டில்தான் வருவாள். எலுமிச்சை சாதத்தை ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவாள். டப்பாவைக் கழுவித்தான் திருப்பித் தருவாள்.

அவளுக்கு வீடியோ கிடையாது. எடுக்க ஆள் கிடையாது.

சம்யுவின் வீடியோவை எடுத்துத் தொகுத்தவர் அவர். தப்பும் அவருடையதுதான். வீடியோவில் ஒவ்வொரு துண்டும் பந்து நம் பிள்ளையிடம் வந்த பிறகுதான் தொடங்க வேண்டும். அதற்கு முன்னால் இருப்பதை வெட்டிவிட வேண்டும். மற்ற அப்பாக்கள் எல்லோருக்கும் இது தெரியும். அவருக்கு மனசு கேட்கவில்லை. பந்து எங்கிருந்து வந்தது என்று காட்டாமல் என்ன ஆட்டம்?

ஆகவே முப்பது துண்டுகளிலும் முதலில் மாரிசோல் வந்தாள். இரண்டு வினாடி. மூன்று வினாடி.

அது போதுமாக இருந்திருக்கிறது.

வயிறு எரிந்தது. ஒரு பதினாறு வயதுப் பெண்ணைப் பார்த்து எரிகிறதே என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டும் எரிந்தது.

குப்பைத்தொட்டிப் படத்தின்மேல் விரலை வைத்தார்.

மெயில் போய்விட்டது. இந்த இரண்டு வருடத்தில் இவ்வளவு சுலபமாக எதுவும் நடந்ததில்லை.

கண்ணை மூடிச் சாய்ந்தார். முதுகு வலித்தது.

போன் மறுபடி அதிர்ந்தது. அதே பயிற்சியாளர்.

உடனே பதில் எழுதியதற்கு நன்றி, சம்யுக்தா.

அதற்குக் கீழே அவர் மகள் எழுதியது இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதியிருக்கிறாள். அவருக்கு முன்பே படித்திருக்கிறாள்.

அவள் பெயர் மாரிசோல். எங்கள் அணியில் அவள்தான் கெட்டிக்காரி. அவளிடம் வீடியோ இல்லை. என் அப்பா எடுத்துத் தருவார். அவர் நன்றாக எடுப்பார்.

கடைசி வரியை அவரால் தாண்ட முடியவில்லை.

குப்பையிலிருந்து பழைய மெயிலை எடுத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

பயிற்சி முடிந்து இருவரும் வந்தார்கள். சம்யு முன் சீட்டில் ஏறினாள். மாரிசோல் பின்னால் ஏறி, எப்போதும் போல அவருக்கு வணக்கம் சொன்னாள். அவர் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைச் சரி செய்வது போலச் செய்தார். கண்ணாடி சரியாகத்தான் இருந்தது.

சம்யு காரில் இங்கிலீஷ்தான் பேசுவாள். இன்று தமிழில் பேசினாள். பின் சீட்டுக்குப் புரியக் கூடாது என்றால் மட்டும் அவளுக்குத் தமிழ் வரும்.

"அவளுக்கு இன்னும் தெரியாதுப்பா. மூஞ்சிய அப்படி வெச்சுக்காத."

அவர் மூஞ்சியை மாற்றிப் பார்த்தார். வரவில்லை. வண்டியை எடுத்தார்.

அந்த வாரம் பழைய பதிவுகளையெல்லாம் புரட்டினார். இரண்டு வருடப் பதிவுகள். எதிலும் மாரிசோல் முழுதாக இல்லை. பந்து அவள் வலையை விட்டுக் கிளம்பியதும் கேமரா வலப்பக்கம் திரும்பிவிடுகிறது. அங்கேதான் சம்யு நிற்பாள்.

புதிதாகத்தான் எடுக்க வேண்டும்.

சனிக்கிழமை. வேறொரு ஊர். அதே புல்.

சமநிலை. ஆட்டம் முடிய இன்னும் ஒரு நிமிடம்கூட இல்லை. மாரிசோல் இருவருக்கு நடுவே புகுந்து வந்தாள். தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தாள். கம்பைச் சுழற்றினாள்.

பந்து கிளம்பியது.

அவர் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. கேமரா திரும்பாதபடி முழங்கையை விலாவோடு சேர்த்து இறுக்கிக்கொண்டார்.

திரையில் மாரிசோல் மட்டும் இருந்தாள். வியர்த்த முகம். பந்து போன பக்கத்தைப் பார்த்தபடி நின்றாள்.

வலப்பக்கம் ஏதோ சத்தம் எழுந்தது.

மாரிசோலின் கைகள் இரண்டும் மேலே போயின. துள்ளிக் குதித்தாள்.

தன் மகள் கோல் போட்டுவிட்டாள் என்பதை அவர் அந்த முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.