கதிருக்கடியில் ஒரு துளி

"மெல்லப் பேசுங்க மதினி, சத்தத்துக்குப் படம் ஆடு—"

"ஆடட்டும். மூணு தடவ ஏத்தியாச்சு, கட்டி இம்மி குறையல. நீ என்னன்னா படத்த—"

"மருந்து நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுதேன்லா."

"நல்ல மருந்துன்னா ஏன் கேக்கல?"

அவள் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சந்தனமாரி மதினி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தாள். புற்றுக்கட்டிக்காக அண்ணனுக்கு ஏற்றி முடித்த சிவப்பு மருந்தின் குப்பியை நர்ஸிடம் கெஞ்சி வாங்கி, ஐஸ் போட்ட தூக்குவாளியில் வைத்து, பஸ் மாறி, இந்த ஆராய்ச்சிக்கூடத்தின் கீழ்த்தளம் வரைக்கும்.

குப்பியின் அடியில் ஒரு துளி ஒட்டியிருந்தது.

அதைத்தான், இங்கே ஆராய்ச்சி செய்யும் தங்கை, நொடியில் உறையவைத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் ஏற்றியிருந்தாள்.

திரையில் வட்டவட்டமாய்க் கொழுப்புக் கூடுகள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு கோடாய் மருந்து.

"காப்பிக்கொட்டை மாதிரி இருக்கு." மதினியின் குரல் இறங்கியிருந்தது. "இதா அவுகளுக்குள்ள போகுது?"

"ஆமா."

"போயி?"

"கட்டிகிட்டப் போயித் தெறக்கணும்."

"தெறக்குதா?"

"இது ஒறஞ்சு போனது மதினி. இதுல ஒண்ணும் அசையாது."

"உங்க அண்ணன் உன்னய டாக்டரு டாக்டருன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாக. தலவலிக்கு ஒரு மாத்திர எழுதத் தெரியாத டாக்டரு. பாக்கவாவது செய்வன்னு வந்தேன்."

இந்த அறைக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொல்வது ஒன்றுதான். பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொண்டிருக்காதே. பக்கத்து இடத்தை வைத்துக் குவியத்தைச் சரிசெய். பிறகு ஒரே படம். உடனே எலெக்ட்ரான் கதிரை மூடு.

பார்க்கிற கதிரே பார்ப்பதை எரித்துவிடும்.

படம் எடுத்தாயிற்று. அவள் கதிரை மூடும் விசையில் விரல் வைத்தாள்.

"இன்னுங் கொஞ்சம் பாரேன்ட்டி. மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்காக அங்க. எனக்காவ."

விரல் அங்கேயே இருந்தது.

அழுத்தவில்லை.

நடுவிலிருந்த கூடு மெல்ல உப்பியது. ஓரத்தில் ஒரு குமிழி. பிறகு இன்னொன்று. கூடு கிழிந்தது. உள்ளிருந்த கோடு கரைந்து நாலாபக்கமும் பரவியது.

கதிரில் வெந்துபோயிற்று. அவ்வளவுதான். அவளுக்குத் தெரியும்.

மதினி திரையைத் தொடப்போனாள். தொடாமல், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அண்ணன் படுத்த நாளிலிருந்து காணாத ஒரு வெளிச்சம் அந்த முகத்தில்.

அவள் கதிரை மூடினாள்.

திரை கறுத்தது.

"தெறந்துட்டு, பாத்தியா. அவுகளுக்குள்ளயும் இப்படித்தானட்டி தெறக்கும்?"