வரப்பில் ஒரு செம்புத் தண்ணீர்

“இந்தச் செம்பக் கையில பிடி. காலுக்கு முன்னால கால ஒட்டி வச்சு, வரப்பு மேலயே அந்த வேப்பமரம் வரைக்கும் போயிட்டு வா. ஒரு சொட்டுக்கூடச் சிந்தக் கூடாது” என்றாள் செல்வலட்சுமி.

தம்பி மாரிக்கண்ணனுக்குக் காரணம் தெரியும். இருபது நாளில் அவனுக்குக் கல்யாணம். திருச்சுழிப் பெண். பத்திரிகைகூட அடித்தாகிவிட்டது. அதற்குள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் மதுரையிலிருந்து பரளச்சிக்கு ஓடி வந்திருந்தாள் அக்கா.

அப்பா நல்லமுத்துவுக்கு நாற்பது வயதில் கைகால் ஆட ஆரம்பித்தது. சாமி வந்திருக்கிறது என்று ஊர் திருநீறு போட்டது. பிறகு குடி என்றது. ஹண்டிங்டன் நோய் என்று டாக்டர் சொன்னபோது காலம் கடந்துவிட்டது. பிள்ளைகளுக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றும் சொன்னார். கடைசிவரை அப்பாவுக்குத் தான் ஆடுவதே தெரியவில்லை. “நான் சும்மாதான இருக்கேன், எதுக்குப் பிடிக்கிறீக?” என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பயம்தான் செல்வலட்சுமியைப் படிக்க வைத்து ஆய்வகத்தில் சேர்த்தது. அங்கே அப்பாவின் நோயையே மரபணுவில் ஏற்றிய எலிகள். மூளையில் டோபமின் என்ற ரசாயனம் போகும் பாதை கெட்டு, முதலில் அது கூடிப்போய் எலிகள் நிலைகொள்ளாமல் துடிக்கும். பிறகு வற்றிப்போய் விறைத்துக் கிடக்கும். சுழலும் தண்டில் அவற்றை ஏற்றி, எத்தனை விநாடியில் விழுகின்றன என்று குறிப்பது அவள் வேலை. எது விழும் என்பதை நடையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். போன மாதம் மூன்று எலிகள் அவள் கையிலிருந்தே நழுவின. கையுறை மட்டம் என்று சண்டை போட்டு வேறு வாங்கினாள்.

இப்போது வரப்போரத் தொட்டியில் செம்பை மொண்டு அவனிடம் நீட்டும்போதே பாதித் தண்ணீர் அவள் சேலையில் கொட்டியது. தளும்பத் தளும்ப மொண்டது தப்பு என்று நினைத்துக்கொண்டாள். மாரிக்கண்ணன் தானே மறுபடி மொண்டுகொண்டு வரப்பில் ஏறினான்.

பக்கத்துப் புஞ்சையில் பருத்தி எடுக்கும் பெண்களின் வளையல் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அவன் வைத்த ஒவ்வொரு அடியையும் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். அவனோ திரும்பித் திரும்பி அவளையே பார்த்தான். இவனும் பயந்துவிட்டான் என்று அவளுக்குப் பாவமாக இருந்தது.

ஒரு சொட்டும் சிந்தாமல் திரும்பி வந்தான். நாக்கை நீட்டிப் பத்து எண்ணும்வரை வைத்திருக்கச் சொன்னாள். அசையாமல் வைத்திருந்தான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“அடையாளம் ஒண்ணும் இல்லடா. எதுக்கும் ரத்தத்தக் கொடுத்துப் பாத்துருவோம்.”

அவன் முகத்தில் சந்தோஷமே இல்லை. “ரெண்டு பேருமே கொடுப்போம்க்கா” என்றான்.

“எனக்கெதுக்கு? நான் நல்லாத்தான இருக்கேன். மொதல்ல அந்தப் பொம்பளைக வளையல் சத்தத்த நிறுத்தச் சொல்லு. வந்ததுலேருந்து காதக் கொடையுது.”

“வெயில் ஏறுதுன்னு அவுக பதினோரு மணிக்கே வீட்டுக்குப் போயிட்டாகக்கா.”

மாரிக்கண்ணன் செம்பைக் கீழே வைத்துவிட்டு, அக்காவின் இரண்டு மணிக்கட்டையும் மெதுவாகப் பிடித்துக்கொண்டான்.

வளையல் சத்தம் நின்றது.