கனிவான அந்தக் குரல்

தெருவில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஏறிவிட்டது. ஒரு கதவுகூடத் திறக்கவில்லை.

"பொதுமக்கள் பதற வேண்டாம். வீட்டை விட்டு வெளியே வந்து பேருந்தில் ஏறுங்கள். உங்கள் பாதுகாப்பு எங்கள் பொறுப்பு."

பேருந்தின் கூரையில் கட்டியிருந்த ஒலிபெருக்கி காலையிலிருந்து இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. கனிவான பெண்குரல்.

இருட்டுவதற்குள் அணையைத் திறந்துவிடுவார்கள். அப்புறம் இந்தத் தெருவில் மொட்டை மாடிகள்தான் தெரியும். அத்தனை பெரிய வண்டியில் ஓட்டுநரும், அக்காவை அழைத்துப்போக ஏறியிருந்த அவளும் மட்டும்.

"எல்லாம் அந்தப் பாழாப்போன சீரியல் பண்ற வேலைம்மா," என்று ஓட்டுநர் தலையில் அடித்துக்கொண்டார்.

வாரம் ஒருநாள் வரும் தொடர். அதில் வானத்திலிருந்து இறங்கியவர்களோடு அரசாங்கம் ரகசிய ஒப்பந்தம் போட்டிருக்கும். அணை உடையப்போகிறது என்று சொல்லி ஜனங்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போவார்கள். போனவர்கள் போனவர்கள்தான். ஏற்றும்போது ஒரு பெண்குரல் கனிவாக, பதற வேண்டாம் என்று சொல்லும். பிள்ளைகள் அதைச் சொல்லிச் சொல்லி விளையாடினார்கள். பெரியவர்கள் சிரித்தார்கள். அப்படிச் சிரித்தவர்கள்தான் இப்போது தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே இருந்தார்கள்.

"ஊருக்கே தெரிஞ்ச குரலாச்சேன்னு அதையே பிடிச்சுப் போட்டிருக்காங்க, புத்திசாலிங்க! அந்தப் பொம்பளை மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

அவள் தலையை ஆட்டினாள். ஏறியதிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை. அக்கா வீட்டு முகவரியைக்கூடக் கைபேசியில்தான் காட்டினாள். பாவம், தொண்டை கட்டியிருக்கும் என்று அவரும் விட்டுவிட்டார்.

பச்சை கேட் போட்ட வீட்டு வாசலில் வண்டி நின்றது. அக்கா மூட்டுவலிக்காரி. மாமா போனதிலிருந்து தனியாக இருக்கிறாள். காலையிலிருந்து போனை எடுக்கவில்லை.

அவள் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் முதல் படியைத் தாண்டியது. இனி பேசாமல் முடியாது.

"அக்கா! கதவைத் தொறயேன். நான்தான்!"

எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

ஓட்டுநர் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கதவுக்கு அந்தப் பக்கம் அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

"உன்னைப் பிடிச்சு வெச்சிருக்காங்களாடி? அடிச்சாங்களா? நானே வந்து கூப்பிட்டாலும் தொறக்காதேக்கான்னு அன்னிக்கு நீ போன்ல அப்படி அழுதியே, மறப்பேனா? நான் தொறக்க மாட்டேன்டி கண்ணு."

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

தொடர் ஆரம்பித்த புதிதில், இதெல்லாம் நிஜமாடி என்று கேட்டு அக்கா போன் செய்திருந்தாள். அவள் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தாள். கண்ணீர் வராமலே அழுவது அவள் தொழில். கூட இருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் அழுதாள். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.